இரண்டு மில்லி சளி

"ரெண்டு மணி நேரத்துல ரிசல்ட் வந்துடும்" என்பது, காசநோய் பார்க்கச் சளியை ஊற்றி மெஷினில் வைக்கும் கார்ட்ரிட்ஜின் கணக்கு. சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு இறங்கி வருகிறவருக்கும், பெட்டமுகிலாளத்திலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு வருகிறவருக்கும் கணக்கு வேறு. ஒரு நாள் கூலி போகும். பஸ் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். டப்பாவில் எடுத்து வந்தது வெறும் எச்சிலாகப் போய்விட்டால் இன்னொரு நாள் கூலியும் போகும். காசநோய்க்கான மூலக்கூறு பரிசோதனையை, அதாவது கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் பரிசோதனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மெஷினிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். டப்பாவிலிருந்து ஆரம்பிப்பதே சரி என்பது என் எண்ணம். இந்தப் பரிசோதனை கெட்டுப்போகிற வழிகள் மெஷினுக்கு வெளியேதான் நிறைய இருக்கின்றன.

சளி டப்பா அகல வாயும் திருகு மூடியும் கொண்டது, உள்ளே இருப்பது வெளியிலிருந்தே தெரியும். பெயர், எண் எழுதிய லேபிளை டப்பாவின் உடம்பில் ஒட்ட வேண்டும். மூடியில் ஒட்டினால் ஆய்வகத்தில் நாலு டப்பாவை வரிசையாகத் திறக்கும்போது ஒருவர் மூடி இன்னொருவர் டப்பாவுக்குப் போய்விடும். ஒருவருடைய காசநோய் இன்னொருவர் பெயரில் ஏறுவதற்கு அது போதும்.

டப்பாவைக் கையில் கொடுத்து "நாளைக்குக் காலையில சளி எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் வருவது பெரும்பாலும் எச்சில்தான். சொல்ல வேண்டியதை இப்படிச் சொல்ல வேண்டும்: "அண்ணே, ராத்திரி சாப்பிட்டதும் வாயை நல்லா கொப்பளிச்சுட்டுப் படுங்க. காலையில எந்திரிச்சதும் டீ குடிக்காதீங்க, வெத்தலை போடாதீங்க. வெறும் தண்ணியில ஒரு தடவை கொப்பளிங்க. வாசலுக்கு வந்து, ரெண்டு தடவை மூச்சை ஆழமா இழுத்து விடுங்க. மூணாவது தடவை இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, அடி நெஞ்சுல இருந்து இருமுங்க. தொண்டையைக் காறித் துப்புறது வேண்டாம்." காறித் துப்புவதற்கும் இருமி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் செய்து காட்டினால்தான் புரியும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக இருக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் 'கஃபம்' என்று சொல்லிக் கேட்டால் சரியானது வரும். 'சளி' என்றால் மூக்குச் சளியைச் சிந்திக் கொண்டு வருகிறவரும் உண்டு.

எடுக்கும் இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். மரத்தடி நல்லது, பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது. கழிவறைக்குள் போய் எடுக்கச் சொல்வது பெரிய தப்பு. காற்றோட்டம் இல்லாத அந்த இடத்தில் ஒருவர் இருமிவிட்டுப் போனால், அடுத்து உள்ளே போகிறவர் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

வந்த டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். எச்சில் என்றால் தண்ணீர் மாதிரி உடனே ஓடும், மேலே நுரை நிற்கும். நெஞ்சுச் சளி சாய்த்த பக்கம் மெதுவாக நகரும், பின்னால் ஒரு நூல் இழுபடும். மஞ்சளாகவோ பச்சை கலந்தோ இருக்கும், நடுவில் தயிர்க்கட்டி போலச் சின்னத் துணுக்குகள் கிடக்கும். கிருமி அதிகம் ஒட்டியிருப்பது அந்தத் துணுக்குகளில்தான். அளவு குறைந்தது 2 மில்லி, அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. 3 முதல் 5 மில்லி கிடைத்தால் இன்னும் நல்லது. பாக்குத் துணுக்கும் களிப் பருக்கையும் கலந்து வந்தால் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ரத்தக் கோடு ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. வெறும் ரத்தமாக இருந்தால் வேறு டப்பா கேட்க வேண்டும். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதியை வேலை செய்ய விடாது.

உடனடியாக ஒன்று, மறுநாள் விடியற்காலையில் ஒன்று என்று இரண்டு டப்பா வாங்குவது இதற்காகத்தான். மெஷினுக்கு ஒரு டப்பா போதும். ஆனால் 'எரர்' என்று வந்து நிற்கும்போது, ஆளை மறுபடி மலையிறங்க வைக்காமல் காப்பாற்றுவது அந்த இரண்டாவது டப்பாதான்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் மூலக்கூறு பரிசோதனை, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் கிருமி கண்ணில் பட வேண்டுமென்றால் ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருக்க வேண்டும். சிபிநாட் என்று நம் ஊரில் சொல்லும் ஜீன் எக்ஸ்பெர்ட் பரிசோதனைக்கு மில்லிக்குச் சுமார் 130 இருந்தால் போதும். அதன் புதிய வடிவமான அல்ட்ரா கார்ட்ரிட்ஜுக்கு 16 போதும். நோய் முற்றி, வீட்டில் நாலு பேருக்குப் பரப்பிய பிறகு கண்டுபிடிப்பதா, முன்னாலேயே கண்டுபிடிப்பதா என்பதுதான் இந்த எண்களுக்கு நடுவில் உள்ள விஷயம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் இவற்றைவிட நுணுக்கமானது. ஆனால் காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாகப் பிரியவே 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். திரவ ஊடகத்தில் வளர்த்து 'இல்லை' என்று சொல்ல 42 நாள் காத்திருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தப் பரிசோதனைக்குத் தனி அவசியம் ஒன்று உண்டு. கிரானைட் குவாரியிலும் கல் அறுக்கும் பட்டறையிலும் வருஷக்கணக்கில் வேலை செய்தவர்களின் நுரையீரலில் சிலிக்கா தூசி தங்கிவிடுகிறது. கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய செல்களை அந்தத் தூசி முடக்கிப்போடுவதால் காசநோய் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் இரண்டுமே நுரையீரலின் மேல் பகுதியில்தான் புள்ளி புள்ளியாகத் தெரியும். 'இது தூசி இருமல், பட்டறைக்குப் போறவனுக்கு இருக்கறதுதானே' என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள், எக்ஸ்ரே பார்க்கிறவரும் பழைய தழும்பு என்று விட்டுவிடலாம். இவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, எடை குறைந்தாலோ, சாயங்காலக் காய்ச்சல் வந்தாலோ, எக்ஸ்ரே எப்படி இருந்தாலும் சளியை மெஷினில் போட்டே ஆக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் இதையே சொல்வேன்.

இன்னொன்று. இருமலுக்கு மருந்துக் கடையில் லீவோஃப்ளாக்சசின் மாத்திரை வாங்கி ஐந்து நாள் போட்டுக்கொள்கிற பழக்கம். அந்த மாத்திரை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். காய்ச்சல் இறங்கும், ஆள் தெம்பாவார், பரிசோதனை தள்ளிப்போகும். கிருமி மட்டும் அந்த மருந்தைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும். சளி கொடுத்துவிட்டு எந்த மருந்து வேண்டுமானாலும் டாக்டர் சொன்னபடி சாப்பிடலாம். சளி கொடுப்பதற்கு முன்னால் இந்த வகை மாத்திரை வேண்டவே வேண்டாம்.

இனி லேப். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய டப்பா மெஷின் இருக்கும் இடத்துக்கு வண்டியில் வருவதாக இருந்தால், மூடியை இறுக்கி, சுற்றிலும் பாராஃபிலிம் என்ற மெழுகுப் பட்டையைச் சுற்றி, ஜிப் கவரில் உறிஞ்சும் பஞ்சோடு வைத்து, ஐஸ் ஜெல் பேக் போட்ட பெட்டியில் வர வேண்டும். சித்திரை வெயிலில் இரு சக்கர வாகனத்தின் பெட்டிக்குள் டப்பா கிடந்தால் வாயிலுள்ள மற்ற கிருமிகள் பெருகி, சளி நீர்த்துப் புளித்துப்போகும். பிறகு அது கல்ச்சருக்கு உதவாது.

ஜீன் எக்ஸ்பெர்ட்டில் சளி ஒரு பங்கு என்றால், அதைக் கரைக்கும் திரவமான சாம்பிள் ரீஏஜென்ட் இரண்டு பங்கு. டப்பாவிலேயே ஊற்றி, மூடி, பத்து இருபது தடவை வேகமாகக் குலுக்க வேண்டும். 10 நிமிடம் வைத்து, மறுபடி குலுக்கி, இன்னும் 5 நிமிடம். மொத்தம் 15 நிமிடம். சளியின் பிசுபிசுப்பு போய்த் தண்ணீர் போல ஆவதற்கு மட்டும் அல்ல இந்த நேரம். ரீஏஜென்டில் உள்ள காரமும் ஆல்கஹாலும் கிருமியைக் கொன்று, கையாளுகிறவரைக் காப்பாற்றுவதற்கும் இந்த 15 நிமிடம் வேண்டும். வரிசையில் இருபது டப்பா காத்திருக்கும் நாளில் முதலில் திருடப்படுவது இந்த நேரம்தான். எட்டு நிமிடத்தில் எடுத்துவிட்டால் கட்டி கரைந்திருக்காது, மெஷின் அதை உள்ளே தள்ள முடியாமல் திணறும்.

கரைந்ததில் 2 மில்லியைக் கூட வரும் பிப்பெட்டில் கோடு வரை உறிஞ்சி, குமிழி வராமல், அவசரப்படாமல் கார்ட்ரிட்ஜின் வாயில் விட வேண்டும். கார்ட்ரிட்ஜின் பின்புறம் துருத்திக்கொண்டிருக்கும் மெல்லிய தட்டையான குழாயில் கை படக் கூடாது. ஒளியை வைத்து டி.என்.ஏ.வை அளப்பது அந்த இடத்தில்தான், விரல் ரேகை பட்டாலே அளவு பிசகும். பார்கோடு மேல் லேபிள் ஒட்டக் கூடாது. ஊற்றிய கார்ட்ரிட்ஜை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாமல் உடனே உள்ளே வைத்து ஓட்டிவிட வேண்டும். உள்ளே போனதும் மெஷின் கிருமியை வடிகட்டியில் பிடிக்கிறது, கழுவுகிறது, கேட்காத ஒலி அதிர்வால் உடைத்து டி.என்.ஏ.வை வெளியே எடுக்கிறது, நகலெடுத்து அளக்கிறது. நாலு அறை உள்ள மெஷின் எட்டு மணி நேர வேலை நாளில் 12 முதல் 16 சாம்பிள் வரை முடிக்கும்.

இதே வேலைக்கான இன்னொரு கருவி ட்ரூநாட், கோவாவிலுள்ள மோல்பயோ நிறுவனத்துடையது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. பேட்டரியில் ஓடும், ஏ.சி. அறை கேட்காது. கரண்ட் போய்ப் போய் வரும் இடத்துக்கு இதுதான் சரி. ஆனால் கைவேலை அதிகம். டப்பாவில் கரைப்புத் திரவம் 2 சொட்டு, 10 நிமிடம். கரையவில்லை என்றால் லேசாகச் சுழற்றி இன்னும் 5 நிமிடம். அதிலிருந்து அரை மில்லியை, கிருமியை உடைக்கும் திரவம் உள்ள லைசிஸ் பாட்டிலுக்கு மாற்றி, மறுபடி 2 சொட்டு விட்டு, தெளியும் வரை சில நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ட்ரூப்ரெப் கருவி சுமார் 20 நிமிடத்தில் டி.என்.ஏ.வைப் பிரித்துக் கொடுக்கும். அதில் 6 மைக்ரோலிட்டரை, உலர்ந்த மருந்து உள்ள சின்னக் குழாயில் விட்டு, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் கரைய விட்டு, அதே 6 மைக்ரோலிட்டரைச் சிப்பின் வெள்ளைக் குழியில் வைக்க வேண்டும். 6 மைக்ரோலிட்டர் என்பது கண் மருந்தின் ஒரு சொட்டைவிடச் சிறியது. பிப்பெட்டைக் கட்டை விரலால் முதல் நிறுத்தத்தோடு நிறுத்தாமல் கடைசி வரை அழுத்தினால் குமிழி விழும், குமிழி விழுந்தால் அந்தச் சிப் போச்சு. கிருமி உண்டா என்பது சுமார் 40 நிமிடத்தில் தெரியும். 'உண்டு' என்றால் மீதியிருக்கும் டி.என்.ஏ.வை எடுத்து, ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்று பார்க்கும் வேறொரு சிப்பில் இன்னும் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். இந்த இரண்டாவது சிப்பைத் 'நாளைக்குப் போட்டுக்கலாம்' என்று தள்ளி வைப்பது வேண்டாம். முதல் சிப் சொன்னது பாதிச் சேதிதான்.

ஜீன் எக்ஸ்பெர்ட்டில் வரும் எரர்களில் நாலைந்தைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். 2008 என்றால் உள்ளே அழுத்தம் மிஞ்சிவிட்டது, சளி சரியாகக் கரையவில்லை என்று அர்த்தம். 5006, 5007, 5008 என்றால் ஆரம்பச் சோதனையிலேயே கார்ட்ரிட்ஜ் தேறவில்லை. அளவு குறைவாக ஊற்றியிருக்கலாம், இல்லையென்றால் கார்ட்ரிட்ஜ் சூட்டில் கெட்டிருக்கலாம். கார்ட்ரிட்ஜை 2 முதல் 28 டிகிரிக்குள் வைக்க வேண்டும், மெஷின் அறை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. தருமபுரியில் ஏப்ரல், மே மாதத்தில் மத்தியானம் ஏ.சி. நின்றுபோனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஸ்டோர் ரூமில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் எழுதி வைக்கிற லேபில் 5000 வரிசை எரர் குறையும். 'நோ ரிசல்ட்' என்றால் பாதியில் கரண்ட் போயிருக்கலாம், யு.பி.எஸ். பேட்டரியைப் பாருங்கள். 'இன்வாலிட்' வேறு விஷயம். ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் தீங்கில்லாத வேறொரு கிருமியின் வித்துகள் சேர்த்தே வருகின்றன. அவற்றையே மெஷினால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், சளியில் ஏதோ ஒன்று வேலையைத் தடுக்கிறது. இவை எதுவுமே 'நெகட்டிவ்' அல்ல. புதுக் கார்ட்ரிட்ஜில் மறுபடி போட வேண்டியவை.

ரிப்போர்ட்டில் 'டிடெக்டட்' என்பதோடு ஹை, மீடியம், லோ, வெரி லோ என்று ஒரு சொல் இருக்கும். எத்தனையாவது சுற்று நகலெடுப்பில் கிருமி வெளிப்பட்டது என்பதை வைத்துச் சொல்வது அது. 16 சுற்றுக்கு முன்பே தெரிந்தால் ஹை, 28 தாண்டித் தெரிந்தால் வெரி லோ. சீக்கிரம் தெரிந்தால் கிருமி அதிகம். அல்ட்ராவில் இவற்றுக்கும் கீழே 'டிரேஸ்' என்று ஒன்று உண்டு. குழப்பம் அதிகம் இதில்தான். எச்.ஐ.வி. உள்ளவர், குழந்தை என்றால் டிரேஸ் என்பதே காசநோய் என்று எடுத்துக்கொண்டு மருந்து ஆரம்பிக்க வேண்டும். முன்பு காசநோய் வந்து சிகிச்சை முடித்தவர் என்றால் நிதானம் வேண்டும், ஏனென்றால் செத்த கிருமியின் டி.என்.ஏ. நுரையீரலில் வருஷக்கணக்கில் கிடக்கலாம். மெஷினுக்கு உயிருள்ளதும் செத்ததும் ஒன்றுதான். அவருக்கு எக்ஸ்ரே, உடல்நிலை, கல்ச்சர் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிரேஸில் ரிஃபாம்பிசின் பதில் கிடைக்காது. 'இன்டிடர்மினேட்' என்றுதான் வரும், அதற்கு இன்னொரு டப்பா.

ரிஃபாம்பிசின் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அந்த மருந்து போய் ஒட்டுகிற புரதப் பகுதிக்கான குறிப்பு இருப்பது கிருமியின் ஆர்.பி.ஓ.பி. என்ற ஜீனில், 81 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு சின்னப் பகுதியில். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த 81 எழுத்துக்குள்தான் ஏதாவது ஒன்று மாறியிருக்கும். பழைய கார்ட்ரிட்ஜில் ஐந்து டி.என்.ஏ. துண்டுகள் அந்தப் பகுதியில் ஒட்டிப் பார்க்கின்றன. ஒன்று ஒட்டாவிட்டாலும், ரொம்பத் தாமதமாக ஒட்டினாலும் 'ரெசிஸ்டன்ஸ் டிடெக்டட்' என்று எழுதிவிடும். கிருமி ரொம்பக் குறைவாக இருக்கும்போது இந்தத் தாமதம் வேறு காரணத்தாலும் வரலாம். ஆகவே முன்பு காசநோய் மருந்து சாப்பிடாதவர், வீட்டில் யாருக்கும் மருந்து கேட்காத காசநோய் இல்லை, ரிப்போர்ட்டில் 'வெரி லோ' என்று இருக்கிறது, ஆனாலும் ரெசிஸ்டன்ஸ் என்று வந்திருக்கிறது என்றால், புதுச் சளியில் இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பதுதான் முறை. பதற வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். உறுதியானால் அதற்கும் இப்போது ஆறு மாதத்தில் முடிகிற மாத்திரைக் கூட்டு வந்திருக்கிறது, 2024இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் மருந்து சாப்பிட்ட காலத்தை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விடுதலை என்று புரியும்.

'ரெசிஸ்டன்ஸ் நாட் டிடெக்டட்' என்றால் எல்லா மருந்தும் கேட்கும் என்று அர்த்தமில்லை. ஐசோனியசிட் என்ற இன்னொரு முக்கிய மருந்தை இந்தக் கார்ட்ரிட்ஜ் பார்ப்பதே இல்லை. அதற்கு எல்.பி.ஏ. என்ற பரிசோதனைக்குச் சளி வெளி லேபுக்குப் போகும். இரண்டாவது டப்பா அதற்கும் வேண்டும்.

'நாட் டிடெக்டட்' என்று வந்தவரை 'ஒண்ணுமில்ல, போங்க' என்று அனுப்பிவிடக் கூடாது. கல்ச்சரில் கிருமி வளர்ந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேரை ஜீன் எக்ஸ்பெர்ட் பிடிக்கிறது. மைக்ராஸ்கோப்பில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேரைத்தான் பிடிக்கிறது. மீதி ஒரு பங்கு பேர் நெகட்டிவ் காகிதத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். எடை குறைந்துகொண்டே போகிறவர், எக்ஸ்ரேயில் ஓட்டை தெரிகிறவர் என்றால், இன்னொரு நல்ல சளி வாங்கி மறுபடி போட வேண்டும், கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். ரத்தத்தில் காசநோய்க்கான எதிர்ப்பொருள் பார்க்கிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த வகைப் பரிசோதனைகளை 2012இலேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

பாசிட்டிவ் என்று வந்த அன்றே செய்ய வேண்டியவை சில. காசநோயாளிகளுக்கான நாடு தழுவிய பதிவில் ஏற்றி நிக்ஷய் எண் போட வேண்டும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிற பென்னாகரத்துக்காரர் அந்த எண்ணைச் சொன்னால் அங்கேயும் மருந்து தொடரும். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கு வரும், 2024 நவம்பருக்கு முன் அது 500. எடை, உயரம், ஆக்சிஜன் அளவு, மூச்சு எண்ணிக்கை, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவரை அன்றைக்கே வார்டில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் சொல்வது இதைத்தான். ரிசல்ட் இரண்டு மணி நேரத்தில் வந்தும், எலும்பும் தோலுமாக இருக்கிறவரை மாத்திரையோடு பஸ் ஏற்றி அனுப்பினால் அந்த வேகத்துக்கு என்ன பயன்?

இரண்டு மாத மருந்து முடிந்ததும் டப்பா மறுபடி கைக்கு வரும். "போன தடவை போட்ட அதே மெஷின்லயே போட்டுப் பாருங்களேன், சீக்கிரம் தெரியுமே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மருந்து கொன்ற கிருமியின் டி.என்.ஏ. இன்னும் சளியில் வந்துகொண்டிருக்கும், மெஷின் 'டிடெக்டட்' என்றே காட்டும், ஆள் மருந்து கேட்கவில்லை என்று பயந்துபோவார். அதனால் இந்த டப்பா மைக்ராஸ்கோப்புக்குப் போகும். அதில் இன்னும் கிருமி தெரிந்தால் மட்டும், மருந்து கேட்கிறதா என்று பார்க்க மறுபடி மெஷினுக்கும் கல்ச்சருக்கும். அப்போதும் வேண்டியது அதே அடி நெஞ்சு இருமல்தான். ஆனால் நோய் தேறி வரும் ஆளுக்கு அது லேசில் வராது. விடியற்காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் வெந்நீர் குடித்து, பத்து நிமிடம் நடந்துவிட்டு இருமச் சொல்லுங்கள்.